பலாப்பலகையில் கசிந்த மஞ்சள்

பழைய மரச்சாமானுக்குச் சாக் பெயின்ட் அடிக்க மரத்தைத் தேய்க்க வேண்டாம், பழைய பாலிஷை எடுக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே அடிக்கலாம் என்று பார்க்கிற வீடியோவில் எல்லாம் சொல்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் இறங்கினேன். எங்கள் பக்கத்து மரத்துக்கும் எங்கள் பக்கத்து மழைக்கும் அந்தப் பேச்சு சரிப்படாது என்பது ஒரு அலமாரியோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது. இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது செங்கோட்டை. ஆரியங்காவு கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று புளியரையைத் தாண்டி நேரே எங்கள் முற்றத்துக்குத்தான் வரும். ஆனி பிறந்துவிட்டால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும், கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரவாடை போகாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் இங்கே பழைய வீட்டுச் சாமான்கள் பாதிக்குமேல் மலையாளத்துச் சாமான்கள்தான். பலா, ஆஞ்சிலி, ஈட்டி மரங்களில் செய்தவை. இப்போதும் புனலூர் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தால் கதவு, நிலை, கட்டில் என்று எல்லாம் ரோட்டோரத்தில் விலைக்கு வந்துவிடும். என் அலமாரியும் அப்படி வந்ததுதான். இடுப்புயரம், இரண்டு கதவு, மேலே ஒரு இழுப்பறை. யாரோ எப்போதோ அடித்த கரும்பச்சை எனாமல் பாதி உரிந்து தொங்கியது. "பிளாவாணு, நல்ல காதல்" என்றார் விற்றவர். பிளாவு என்றால் பலா, காதல் என்றால் அந்தப் பக்கத்தில் மரத்தின் வைரம், நடுவில் இருக்கிற கெட்டிப் பகுதி. உரிந்த இடத்தில் பார்த்தேன், காய்ந்த மஞ்சள்கிழங்கை வெட்டினாற்போல் ஒரு நிறம். அந்த நிறம்தான் பின்னால் என்னை அழவைக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

முதலில் சாக் பெயின்ட் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரில் பெயின்ட் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன், 1990இல். பெயர் வந்தது காய்ந்த பிறகு தெரிகிற தோற்றத்தால், சாக்கட்டி மாதிரி துளியும் பளபளப்பில்லாத ஒரு மிருதுவான மேற்பரப்பு. நம் ஊரில் வெள்ளையடித்த பழைய சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. தண்ணீரில் கரைகிற பெயின்ட், வாடை குறைவு, பிரஷ்ஷைக் குழாயடியிலேயே கழுவிவிடலாம். இதில் தூள் அதிகம், பிசின் குறைவு. அதனால்தான் வழவழ பரப்பிலும் பிடித்துக்கொள்கிறது, அதனாலேயே காய்ந்தபின் நுண்ணிய துளைகளோடு நிற்கிறது. எண்ணெய்க் கையால் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். எனவே மேலே மெழுகோ வார்னிஷோ போட்டே ஆகவேண்டும். அதை விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் கைப்பிடியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்துவிடும்.

கடைப் பெயின்ட் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, தென்காசியில் தேடினாலும் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் வீட்டிலேயே கலந்தேன். சுவருக்கு அடிக்கிற சாதாரண எமல்ஷன்தான் அடிப்படை, பளபளப்பில்லாத மேட் ரகமாகப் பார்த்து வாங்கவேண்டும். ஒரு கப் எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதே அளவு பச்சைத்தண்ணீர். பவுடரைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பிறகுதான் பெயின்டில் ஊற்றவேண்டும். நேரே பெயின்டில் பவுடரைக் கொட்டினால் சுவரில் மணல் அடித்த மாதிரி பொரிபொரியாக வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு சங்கடம், தண்ணீர் பட்டதும் அது இறுகத் தொடங்கிவிடும், அரைமணி நேரத்துக்குள் வேலையை முடிக்கவேண்டும். மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றவே கூடாது, குழாய்க்குள் கல்லாகிவிடும். நான் இரண்டாவது தடவையிலிருந்து வைட்டிங் பவுடருக்கு மாறிவிட்டேன். அது அரைத்த சுண்ணாம்புக்கல், இறுகாது, மூடிவைத்தால் மறுநாளும் அடிக்கலாம். ஒரு கப்புக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி போதும். எந்தப் பவுடரானாலும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அலமாரிக்கு வருகிறேன்.

உரிந்துகொண்டிருந்த எனாமலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, சோப்புத்தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, மோர் வெள்ளையில் முதல் கோட் அடித்தேன். முதல் கோட் யாருக்கும் அழகாக இருக்காது, பிரஷ் போன தடமெல்லாம் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பத் திரும்பத் தடவினால் இன்னும் மோசமாகும், விட்டுவிடவேண்டும். இரண்டாவது கோட்டில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பார்த்தபோது அவ்வளவு அழகு. மறுநாள் காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் கதவின் நடுவில், எனாமல் உரிந்து மரம் வெளியே தெரிந்த இடங்களில் எல்லாம், வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தின மாதிரி மஞ்சள் திட்டுகள். மூன்றாவது கோட் அடித்தேன். மறைந்தது. மறுநாள் திரும்ப வந்தது. நான்காவது கோட். அதற்கும் வந்தது. பெயின்ட் தடித்துக்கொண்டே போனதே தவிர மஞ்சள் அசையவில்லை.

பெயின்ட் கடைக்காரர் ஒரு பிரைமரைக் கொடுத்தார், தண்ணீர் கலந்து அடிப்பது. அதையும் அடித்தேன். அந்த பிரைமரே மஞ்சளாகிவிட்டது. பிரைமர் மேல் தப்பில்லை, தண்ணீர்தான் காரணம் என்பது பிறகு புரிந்தது.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு ஆசாரி இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, இப்போது புதுவேலை எடுப்பதில்லை, யாராவது கட்டில் சட்டம் ஆடுகிறது என்று கூப்பிட்டால் போவார். அவரிடம் போய் நின்றேன். கதவைக்கூடப் பார்க்கவில்லை, விஷயத்தைச் சொன்னதுமே, "பலாவா தாயி?" என்றார். ஆமாம் என்றேன். "பலாவுல தண்ணிய வச்சா சாயம் விடத்தான செய்யும்? அதுல அந்தக் காலத்துல துணிக்கே சாயம் போட்டிருக்காங்க."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. பர்மா, தாய்லாந்துப் பக்கம் புத்த பிக்குகளின் காவித் துணிக்குப் பலா வைரத்தைச் சீவி வேகவைத்துத்தான் சாயம் எடுத்திருக்கிறார்கள். அந்தச் சாயச் சத்துக்கு மோரின் என்று பெயர். துணியில் நூறு வருஷம் நிற்கவேண்டும் என்று ஆட்கள் கொதிக்கவைத்து எடுத்த ஒரு சாயத்தின் மேல் நான் ஈரப் பெயின்டைத் தடவி மறைக்கப் பார்த்திருக்கிறேன். பெயின்டில் இருக்கிற தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, சாயத்தைக் கரைத்து, காயும்போது அதை மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஒவ்வொரு கோட்டும் புதுத் தண்ணீர். தேக்கும் ஆஞ்சிலியும் இதே வேலையைப் பழுப்பு நிறத்தில் செய்யும்.

மருந்து அவரிடமே இருந்தது. பட்டறை மூலையில் ஒரு பழைய சர்பத் பாட்டிலில், டீ டிகாக்‌ஷன் நிறத்தில். அரக்கு. பாரதத்தில் பாண்டவர்களுக்கு மாளிகை கட்டினது, அஞ்சல் பார்சலில் முத்திரை வைக்கிறது, ஆசாரிமார் பிரெஞ்ச் பாலிஷ் போடுகிறது எல்லாம் இந்த ஒரே சாமான்தான். ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் உட்கார்ந்து சுரக்கிற பிசின், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் அதிகம் எடுக்கிறார்கள். கடையில் சருகு சருகாக, ஆரஞ்சு நிறத்தில் கிடைக்கும். நூறு மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 25 கிராம் போட்டு, மூடி, ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கரைந்துவிடும். கரைந்ததைக் கலக்காமல் வையுங்கள், அரக்கில் இயல்பாக இருக்கிற மெழுகு அடியில் மண்டியாகத் தங்கும். மேலே நிற்கிற தெளிவை மட்டும் வடித்து எடுத்து அடிக்கவேண்டும். அந்த மண்டி சேர்ந்தால் அதன்மேல் தண்ணீர்ப் பெயின்ட் பிடிக்காது. இதை ஆசாரி அழுத்திச் சொன்னார், இரண்டு தடவை சொன்னார்.

இது ஏன் வேலை செய்கிறது? அரக்கில் தண்ணீர் இல்லை. ஸ்பிரிட் சில நிமிஷத்தில் பறந்துவிடும், மரத்துக்கும் பெயின்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தோல் நிற்கும். பெயின்டின் தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே போக முடியாது, சாயம் மேலே வர முடியாது. அவ்வளவுதான் விஷயம். நான் அந்த நான்கு கோட்டையும் தேய்த்து எடுத்து, மரத்தைக் காயவைத்து, அரக்கு இரண்டு கோட் அடித்தேன், நடுவில் அரைமணி இடைவெளி. காய்ந்தபின் 320ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல், பளபளப்பு மங்குகிற அளவுக்கு மட்டும். அதன்மேல் பெயின்ட். மறுநாள் காலை போய்ப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு திட்டுகூட இல்லை. ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தேன்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரிகிற இடத்தில் வேண்டாம். கரைத்த அரக்கை வருஷக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது, பழசானால் அடித்த இடம் பிசுபிசுவென்றே நிற்கும். கொஞ்சமாகக் கரையுங்கள், ஒரு காகிதத்தில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

தேய்ப்பதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நான் இதைத் தெரியாமல் செய்துவிட்டேன். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016இல்தான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்த்து, வழிகிற சேற்றைத் துணியில் எடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். என் மகள் அன்று என் பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள், அதை நினைத்தால் இன்றும் மனசு ஒருமாதிரி ஆகிறது.

அப்புறம் மழை. அரக்கு விஷயம் தீர்ந்த சந்தோஷத்தில் ஆனி மாதம் என்றுகூடப் பார்க்காமல் மெழுகு வேலையில் இறங்கிவிட்டேன். பெயின்ட் ஒரு மணி நேரத்தில் காயும் என்பது எங்கேயோ வறண்ட ஊருக்குச் சொன்ன கணக்கு. சாரல் நாளில் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தின் மேல் மெழுகைப் பூசி மூடினேன். பத்து நாளில் அலமாரியின் முதுகுப்பக்கம், சுவரை ஒட்டின இடத்தில், கரும்புள்ளியாகப் பூசணம். இனி இந்த வேலை எல்லாம் மாசி, பங்குனி, சித்திரை என்று முடிவு செய்துவிட்டேன். அவசரம் என்றாலும் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் விடுகிறேன், மெழுகுக்கு முன்னால் மூன்று நாள்.

மெழுகிலும் ஒரு தப்பு செய்தேன். வீட்டில் நல்ல தேங்காயெண்ணெய் இருக்கிறது, தேன்மெழுகை அதில் உருக்கினால் போதாதா என்று நினைத்தேன். போதாது. தேங்காயெண்ணெய் காற்றில் காய்ந்து இறுகுகிற எண்ணெய் இல்லை. ஆறு மாதமானாலும் எண்ணெயாகவே இருந்தது, தூசி எல்லாம் ஒட்டியது, கடைசியில் கதவைத் திறந்தாலே சிக்கு வாடை. அதைத் துடைத்து எடுத்தது தனிக் கதை. இப்போது செய்வது இதுதான்: மார்த்தாண்டத்தில் இருக்கிற மதினி தேன்கூடு வைத்திருப்பவர்களிடம் மெழுகு வாங்கி அனுப்புகிறார்கள். அதில் 100 கிராமைச் சீவி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, முற்றத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே 300 மில்லி டர்பென்டைன் சேர்க்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் டர்பென்டைனைத் திறக்கவே கூடாது. ஆறினால் நெய் பதத்தில் உறையும். பழைய பனியன் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, கால்மணி கழித்து வேறு துணியால் துடைத்துவிட வேண்டும். நிறையப் பூசினால் பளபளப்பு வரும் என்பது தப்பு, பிசுக்குத்தான் வரும். மெழுகு முழுசாக இறுக ஒரு மாதம் போல ஆகும், அதுவரை கனமான பாத்திரம் எதையும் மேலே நகர்த்தாதீர்கள். டர்பென்டைனுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பவர்களும் உண்டு, அது காயும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே காற்றோட்டமாக விரித்துக் காயவையுங்கள்.

தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே இளகிவிடும். காப்பி டம்ளர் வைக்கிற மேசைக்கு மெழுகு போட்டால் முதல் நாளே வட்டம் விழும். மேசைக்கும் சாப்பாட்டு ஸ்டூலுக்கும் தண்ணீரில் கரைகிற மேட் வார்னிஷ் மூன்று கோட், மெல்லிசாக. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளடிக்கும், வெள்ளைக்கு ஆகாது. அலமாரி, பெட்டி, கண்ணாடிச் சட்டம் இதற்கெல்லாம் மெழுகுதான் எனக்குப் பிடிக்கும், கை வைத்தால் ஒரு இதம் இருக்கிறது.

இத்தனையும் கைவந்த பிறகு வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் அடிக்கலாமே என்று ஒரு ஆசை வந்தது. அத்தையுடைய ஈட்டி மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். "அதைத் தொடாதட்டி" என்றார் அத்தை. நான் வைத்துவிட்டேன், ஆனால் மனசுக்குள் கொஞ்சம் கோபம்தான், மேலெல்லாம் கீறல், ஒரு காலில் பழைய மைக்கறை, அப்படியே கிடக்கிறதே என்று. ஆசாரி வந்து பார்த்து, தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு இடத்தை மட்டும் துடைத்துக் காட்டினார். ஊதாவும் கறுப்புமாக ஓடின ரேகை அப்படியே எழும்பி வந்தது. அதன்மேல் பெயின்ட் அடிக்க இனி எனக்குக் கை வராது. அதற்குப் பஞ்சில் அரக்கைத் தொட்டுத் தொட்டு மூன்று நாள் பாலிஷ் போட்டோம், அத்தையும் ஒரு கை பிடித்தார்.

என் கணக்கு இப்போது இதுதான். ரேகை அழகாக இருக்கிற மரத்தில் பெயின்ட் வேண்டாம். இரண்டு மூன்று மரம் கலந்து ஒட்டுப்போட்ட சாமான், ஏற்கெனவே எனாமல் தின்ற சாமான், பிளைவுட், அப்புறம் கொல்லம் பக்கத்திலிருந்து மலிவாக வருகிற ரப்பர் மரச் சாமான், இதெல்லாம் பெயின்டுக்கென்றே பிறந்தவை. ரப்பர் மரத்தில் சாயம் கசியாது, ஆனால் பூச்சி சீக்கிரம் வரும். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா என்று பார்த்து, மருந்து வைத்த பிறகே பெயின்ட். உளுத்த மரத்துக்கு மேலே எவ்வளவு அழகாக அடித்தாலும் உள்ளே அது அரித்துக்கொண்டுதான் இருக்கும். புதிதாக அடித்துவிட்டு முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பழசு மாதிரி ஆக்குகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கைபட்டு அது தானாகத் தேயட்டும்.

அலமாரி கடைசியில் மோர் வெள்ளையில் நிற்கவில்லை. பூசணத்தைத் துடைத்து, தேங்காயெண்ணெய் மெழுகையும் டர்பென்டைன் வைத்து எடுத்து, அடுத்த பங்குனியில் முதலிலிருந்து தொடங்கி வாழைக்குருத்துப் பச்சை அடித்தேன். இழுப்பறையின் பக்கப் பலகைகளுக்கு அடிக்கவில்லை. உரசுகிற இடத்தில் பெயின்ட் போட்டால் இறுகிக்கொள்ளும், அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். அவ்வளவு யோசித்த நான் கதவு விளிம்பை மறந்துவிட்டேன். பங்குனியில் மரம் வற்றியிருந்தது, இரண்டு கதவும் சேருகிற விளிம்பில் தாராளமாக அடித்துவிட்டேன். ஆடியில் மரம் ஊதினதும் கதவு மூடவில்லை. ஆசாரி இழைப்புளியோடு வந்து, "பலா மழைக்கு ஒரு நூல் ஏறும் தாயி, அதுக்கு இடம் விடணும்ல" என்று சொல்லி இரண்டே இழுப்பு இழுத்தார். பெயின்டும் கொஞ்சம் மரமும் சுருளாக விழுந்தது. அந்த விளிம்புக்கு நான் திரும்பப் பெயின்ட் அடிக்கவில்லை, அரக்கு மட்டும் இரண்டு கோட். கதவைத் திறந்தால் பச்சைக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் அகலத்துக்கு அந்த மஞ்சள் தெரியும்.